திருப்பதி பிளாட்பாரத்தில் யார் பக்தர், யார் வீடில்லாதவர்?

வணக்கம் மக்களே. மணி பதினொன்றரை. திருப்பதி ரயில் நிலையத்துக்கு எதிரே, தேவஸ்தான விடுதியான விஷ்ணு நிவாசம் பக்கம் நிற்கிறேன். கேமராவைத் தரையைப் பார்த்துத்தான் பிடித்திருக்கிறேன். தூங்குகிறவர்கள் முகம் விழக்கூடாது இல்லையா, அதனால் காலும் போர்வையும் மட்டும்தான் தெரியும்.

இந்த வரிசையில் முப்பது பேராவது படுத்திருக்கிறார்கள். இதில் விடிந்ததும் மலையேறப் போகிறவர் யார், வருஷக்கணக்காக இங்கேயே இருப்பவர் யார், சொல்லுங்கள் பார்ப்போம். மொட்டை போட்டுவிட்டால் எல்லாத் தலையும் ஒன்றுதான். 2011 கணக்கெடுப்பில் பிப்ரவரி 28 ராத்திரிதான் நாடு முழுக்க வீடில்லாதவர்களை எண்ணினார்கள். சுமார் 17.7 லட்சம் பேர் என்று வந்தது. அன்றைக்கு இந்த ஊரில் எண்ண வந்தவர் யாரையெல்லாம் எழுப்பிக் கேட்டாரோ, பாவம்.

இந்த ஓரத்தில் இருப்பவரை எல்லோரும் 'வாட்ச்மேன்' என்கிறார்கள். குடியாத்தம் பக்கத்துக்காரர், லாரி கிளீனராக வந்து இங்கேயே தங்கிவிட்டார். தமிழ்க் குடும்பங்கள் குளிக்கப் போகும்போது பை, செருப்பையெல்லாம் இவரிடம் விட்டுப் போகும். திரும்பி வந்து பத்தோ இருபதோ கொடுக்கும். "மத்த ஊர்ல பிளாட்பாரத்துல படுத்தா லத்தியால தட்டுவாங்க தம்பி. இங்க வந்து, தரிசனம் ஆச்சான்னு கேக்கறாங்க" என்று சிரிக்கிறார்.

நானும் முதலில் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்டேன். மனிதர் சலித்துக்கொண்டார். ஆந்திர அரசின் மலிவு விலை உணவகமான அண்ணா கேண்டீனில் வேளைக்கு 5 ரூபாய். 2018-இல் திறந்து, அடுத்த வருஷமே மூடி, 2024 ஆகஸ்டில் மறுபடி திறந்தார்கள். ஞாயிறு லீவு. மலைமேல் 1985 முதல் இலவச அன்னதானம் நடக்கிறது. ஆனால் பஸ்ஸுக்குக் காசு இல்லையென்றால் மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து 3,550 படி. "ஏறி எறங்கறதுக்குள்ள தின்னது செரிச்சிடும்!"

பிரச்சினை சோறு இல்லையாம், பைதானாம். பக்கத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். அவருடைய சிமெண்ட் சாக்குப் பையில் இரண்டு சேலை, ஒரு எவர்சில்வர் தட்டு, லேமினேட் செய்த பழைய ரேஷன் கார்டு. பையின் வாயைக் கட்டிய கயிற்றின் மறுமுனை பாட்டியின் கணுக்காலில். கயிறு உரசி உரசி அந்த இடம் கறுத்துக் காய்ப்புப் பிடித்திருக்கிறது. கக்கூஸுக்குப் போவதென்றால் மட்டும் கயிற்றை அவிழ்த்து வாட்ச்மேன் கையில் கொடுக்கிறார். பையைக் கொடுப்பதில்லை, கயிற்று முனையைத்தான் கொடுக்கிறார். அதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது.

இதற்கு முந்தின பை திருடுபோனபோது ஆதார் அட்டையும் அதோடு போய்விட்டது. இலவச தரிசன டோக்கனுக்கு ஆதார் வேண்டும். டோக்கன் இல்லாமலும் போகலாம், ஆனால் அந்த வரிசையில் மணிக்கணக்கில் இருக்க வேண்டும். பாட்டிக்கு முட்டி ஒத்துழைக்காது. "கோபுரத்தைப் பாத்து கும்பிட்டுக்கறேன்பா" என்று கோவிந்தராஜர் கோயில் பக்கம் கையைக் காட்டினார். பெருமாளுக்கு அண்ணன் என்பார்களே, அவர். "தம்பி வரமாட்டேங்கறாரு, அண்ணன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

இருங்கள், ஏதோ ரயில் வந்திருக்கிறது. கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் இடம் தேடுகிறது. வாட்ச்மேன் எழுந்து தன் அட்டையை நகர்த்திப் போடுகிறார். "இப்படி வாங்கம்மா, இந்தப் பக்கம் கொசு கம்மி." சரி, வெளிச்சம் அவர்கள் கண்ணில் அடிக்கிறது. அணைத்துவிடுகிறேன்.