நடைபாதைக்கு ஒரு ஓட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளுக்கும் 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. கவுன்சிலரின் பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள். அடுத்த முறை ஓட்டு கேட்டு வாசலுக்கு வருபவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், "நடைபாதை போட்டுத் தருவேன்" என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்று கேளுங்கள்.

சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் இந்திய சாலைப் பேராயத்தின் (IRC) வழிகாட்டுதல்படி, தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் கடக்கும் அளவு அது. மின்பெட்டி, டிரான்ஸ்பார்மர், மரம் எல்லாம் இதற்கு வெளியேதான் இருக்க வேண்டும். பல தெருக்களில் கல் பதித்த அகலம் சரியாகவே இருக்கும். நடுவில் மின்பெட்டி நிற்பதால் நடக்க மிஞ்சுவது அரை மீட்டர்.

உயரம் 15 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. மழைநீர் வடிகாலின் மேல்மூடியையே நடைபாதையாக்கும்போது இது கெடுகிறது. வடிகால் எந்த மட்டமோ நடைபாதையும் அந்த மட்டம். பிறகு ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் வண்டி ஏற வெட்டிச் சரிவு வைப்பார்கள். இருபது அடிக்கு ஒருமுறை இறங்கி ஏற முழங்கால் வலிக்காரரால் முடியுமா? அவர் சாலையில் இறங்கிவிடுவார். கேட் முன்பும் நடைபாதை ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். சரிவு அதன் ஓரத்தில் மட்டும் போதும்.

சைக்கிளுக்குத் தனிப்பாதை எல்லாத் தெருவிலும் இயலாது. கோடு மட்டும் போட்டால் அங்கே கார் நிற்கும். உட்தெருக்களில் வேகத்தைக் குறைப்பதே வழி: தெருமுனையில் நடப்பவர் சாலையைக் கடக்க நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திய கடவை, அகலம் குறைத்த திருப்பம். வடிகால் கம்பி வலையையும் பாருங்கள். கம்பிகள் சாலையின் நீளவாக்கில் இருந்தால் சைக்கிள் சக்கரம் உள்ளே சிக்கும். குறுக்காக இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் இடம் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் வண்டி நிறுத்தும் இடத்திலிருந்துதான். ஆகவே வேட்பாளரிடம் கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி: எங்கள் தெருவில் எந்தப் பக்கம் பார்க்கிங்கை எடுப்பீர்கள்? அதற்கு நேராகப் பதில் சொல்பவரை ஆதரியுங்கள். நடைபாதை, பார்க்கிங் இரண்டும் கிடைக்கும் என்பவர் இரண்டையும் தரப்போவதில்லை. தள்ளுவண்டிக்காரர்களை விரட்டுவதும் தீர்வல்ல. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவின் பரிந்துரையோடு மாநகராட்சி அவர்களுக்கு இடம் ஒதுக்கலாம். அதற்கு முயல்வாரா என்றும் கேளுங்கள்.

மாநகராட்சிக்கு 2014 முதலே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை உண்டு. போக்குவரத்து நிதியில் 60 சதவீதம் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் என்கிறது அது. கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தொடர்ந்த வழக்கில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் நடைபாதையை வாழ்வுரிமையின் பகுதியாகவே ஏற்றது. மாமன்றத்தில் பேச இவை போதுமான பிடிமானங்கள்.

கவுன்சிலரால் எல்லாம் முடியாது. உட்சாலை மண்டல அலுவலகத்தின் பொறுப்பு. பேருந்துத் தடச் சாலைக்குத் தனித் துறை. சில சாலைகள் நெடுஞ்சாலைத் துறையுடையவை. எது யாருடையது என்று தெரிந்த வேட்பாளர் வேலை தெரிந்தவர்.

அவர் வென்ற பிறகு, வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபைக் கூட்டத்துக்குப் போங்கள். தெருப்பெயர், அளந்த அகலம், புகைப்படம் மூன்றையும் மனுவில் வைத்து, கூட்டப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். பதிவேட்டில் ஏறினால்தான் அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றிக் கேட்க முடியும்.

நன்றி, வணக்கம்.