நெட்டைக்காலி வாழும் இடம் எது?

நேயர்களுக்கு வணக்கம்.

நீலகிரி நெட்டைக்காலி, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலுள்ள உயர்ந்த புல்வெளிகளில் மட்டுமே வாழும் சிறு பறவை. பழுப்பு உடலில் கருங்கோடுகள் கொண்ட அது, நாம் நெருங்கினால் விருட்டென்று எழும்பிச் சிறிது தூரம் பறந்து, மறுபடியும் புல்லுக்குள் மறைந்துவிடும்.

இத்தகைய பறவைகளின் பரவலைக் காட்டும் பழைய வரைபடங்கள், மலைத்தொடர் முழுவதையும் ஒரே வண்ணத்தில் தீட்டிவிடுவதால், தேயிலைத் தோட்டமும் அணைக்கட்டும் ஊரும் சந்தையும்கூட அவற்றின் வாழிடக் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. பரப்பு பெரிதாகத் தெரிந்தால் ஆபத்து சிறிதாகத் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய 18 பறவையினங்களை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, அவற்றில் 17 இனங்களின் பரப்பு மிகையாகவே காட்டப்பட்டிருந்ததைக் கண்டறிந்தது.

அந்த ஆய்வாளர்கள் பறவை ஆர்வலர்கள் தாம் கண்ட பறவைகளைக் குறித்துவைக்கும் இபேர்டு (eBird) இணையதளத்தில் இட்ட பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். பறவை தென்பட்ட இடங்களின் தட்பவெப்பம், நிலப்பரப்பு போன்றவற்றைக் கொண்டு, அதே சூழல் வேறெங்கெல்லாம் அமைந்திருக்கிறது என்று கணினி மதிப்பிடுகிறது. ஆனால் நாம் பறவை பார்க்கப் போவது பெரும்பாலும் வண்டி போகும் வழியில்தான் என்பதால், கவனமின்றிச் செய்தால் கிடைப்பது பறவையின் வரைபடமன்று, சாலையின் வரைபடம்! 2015 முதல் 2020 வரை நடந்த கேரளப் பறவை வரைபடப் பணியில் நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, தேர்ந்த கட்டங்களுக்கு மழைக்காலத்திலும் வறண்ட காலத்திலும் தன்னார்வலர்களை அனுப்பியது இந்தக் குறையைக் களையத்தான். பார்த்த பறவைகள் அனைத்தையும் எழுதும் பட்டியலே இதற்கு உதவும். அதில் ஒரு பறவையின் பெயர் இல்லாததும் ஒரு செய்தி.

பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. பெரும்பகுதியைச் சீகை (வாட்டில் மரம்), தைலமரம், பைன் தோப்புகளும் விவசாயமும் விழுங்கிவிட்டன. சீகையை அகற்றும் பணியை எங்கே தொடங்குவது என்பதில் வரைபடத்தின் பயன் தெரிகிறது. அடர்ந்து முதிர்ந்த தோப்பை வெட்டிப் புல்லை மீட்பது கடினம். ஆகவே நெட்டைக்காலி இன்னும் வாழும் புல்வெளிகளின் ஓரத்தில், இடுப்பளவே வளர்ந்திருக்கும் கன்றுகளைப் பிடுங்குவதே முதல் வேலையாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

வணக்கம்.