தெரிந்தும் தன்னைத் தடுக்க இயலாதவர்: சித்த சுவாதீனமின்மை விதிவிலக்கில் செய்ய வேண்டிய திருத்தம்

மதிப்பிற்குரிய வழக்கறிஞர்களே, சட்டம் பயிலும் மாணவர்களே,

நாட்டின் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவு மாற்றப்பட வேண்டும் என்று வாதிடவே உங்கள் முன் நிற்கிறேன். ஒரு செயலைச் செய்த நேரத்தில், சித்த சுவாதீனம் இல்லாத காரணத்தால், அச்செயலின் தன்மையையோ, தாம் செய்வது தவறானது அல்லது சட்டத்துக்கு முரணானது என்பதையோ அறிய இயலாதிருந்தவர் செய்த எதுவும் குற்றமாகாது என்கிறது அந்தப் பிரிவு. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவுதான், எண் மாறி, 2024 ஜூலை 1 முதல் இந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் முதலில் கொண்டுவரப்பட்ட மசோதாவில் ‘மனநோய்’ என்ற சொல் இடம்பெற்றிருந்தது. அதன் பொருள் மிக விரிந்தது என்று நாடாளுமன்ற நிலைக்குழு கருதியதால் பழைய சொல்லே திரும்பி வந்தது. நோயினால் ஒருவர் எந்தத் திறனை இழந்திருந்தால் அவரைத் தண்டிக்கக் கூடாது என்ற அடிப்படைக் கேள்வியை முதல் மசோதாவும் தொடவில்லை, இரண்டாவதும் தொடவில்லை.

அறியும் திறன் ஒன்றையே அளவுகோலாகக் கொள்வது இந்த நாட்டுச் சட்டத்தில் தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837-இல் அளித்த தண்டனைச் சட்ட வரைவில், பித்துற்ற நிலையிலோ சன்னி கண்ட நிலையிலோ இருந்ததன் விளைவாக ஒருவர் செய்தது குற்றமாகாது என்று சுருக்கமாகச் சொல்லப்பட்டிருந்தது. செயல் நோயின் விளைவா என்று மட்டும் பார்த்தால் போதும். அறிந்து செய்தாரா, அறியாமல் செய்தாரா என்ற விசாரணைக்கு அந்த வரைவில் இடமில்லை. அந்த வரைவு சட்டமாவதற்குள், லண்டனில் ஒரு துப்பாக்கிச் சூடு நடந்தது.

1843 ஜனவரி 20 அன்று, பிரதமர் ராபர்ட் பீலின் தனிச் செயலாளரான எட்வர்டு டிரம்மண்டை டேனியல் மெக்நாட்டன் என்பவர் பின்னாலிருந்து சுட்டார். ஐந்து நாள் கழித்து டிரம்மண்ட் இறந்துபோனார். பீலின் டோரி கட்சியினர் தம்மை ஊர் ஊராகத் துரத்தி உயிரை வாங்குகிறார்கள் என்ற மருட்சியில் மெக்நாட்டன் வாழ்ந்துவந்தார். மருத்துவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கூண்டேறி அதை உறுதிப்படுத்தினார்கள். அரசுத் தரப்பில் அதை மறுக்க ஒரு மருத்துவரும் இல்லாததால், அவர் குற்றவாளியல்லர் என்று ஜூரிகள் தீர்ப்பளித்தனர். நாடே கொதித்தது. தம்மீதும் 1840-இல் கொலை முயற்சி நடக்கக் கண்டிருந்த விக்டோரியா மகாராணியார் அதிருப்தி தெரிவித்தார். பிரபுக்கள் சபை நீதிபதிகளை அழைத்து ஐந்து கேள்விகள் கேட்டது. அவர்கள் சொன்ன விடைகளே மெக்நாட்டன் விதிகள். பொதுமக்களின் சினத்துக்கு நடுவே, வழக்கு எதுவும் முன்னால் இல்லாமல், சபையில் எழுந்து நின்று சொன்ன விடைகள் அவை. அந்த விடைகளின் சாரமே 1860-இல் நமது 84-ஆம் பிரிவாயிற்று. அந்த விதிகளைக் கண்டிப்பாகப் பொருத்தினால் மெக்நாட்டனே தண்டனைக்குத் தப்பியிருக்க மாட்டார் என்பது சட்ட வரலாறு எழுதியவர்கள் பலரும் சுட்டிக்காட்டிய ஒன்று. தாம் சுடுவது ஒரு மனிதரை என்பதும், சுடுவது சட்டப்படி குற்றம் என்பதும் அவருக்குத் தெரிந்தேதான் இருந்தன.

தீவிர மனச்சிதைவு நோயில் பெரும்பாலும் நிகழ்வது இதுவே. கையில் இருப்பது கத்தி என்று நோயாளிக்குத் தெரியும். எதிரில் இருப்பவரின் பெயர் தெரியும். போலீஸ் வரும் என்பதும் தெரியும். அந்த அறிவைத் தன் செயலோடு பொருத்திப் பார்த்து, வேண்டாம் என்று நிறுத்துகிற ஆற்றல்தான் சிதைந்துபோயிருக்கும்.

மகாராஷ்டிரக் காவலர் ஒருவரின் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குளியலறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த மனைவியின் தலையில் அவர் அரைக்கும் கல்லால் அடித்துக் கொன்றுவிட்டார். பட்டப்பகலில் நடந்த கொலை. அவர் ஓடவில்லை, எதையும் மறைக்கவில்லை. அவருடைய தந்தைக்கும் மனநோய் இருந்தது. அவரே சம்பவத்துக்கு முன்னும் பின்னும் சிகிச்சை பெற்றவர். அமர்வு நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் ஆயுள் தண்டனை விதித்தன. உச்ச நீதிமன்றம் இச்சூழ்நிலைகளையெல்லாம் கோத்துப் பார்த்து, அவர் தம் செயலின் தன்மையை அறிய இயலாத நிலையில் இருந்தார் என்று ஊகித்து விடுவித்தது. நியாயமான முடிவுதான். ஆனால் ஒரே சாட்சியம் மூன்று நீதிமன்றங்களில் இருவேறு முடிவுகளுக்கு இட்டுச் சென்றது. நோய் எதைச் சிதைத்ததோ அதைச் சட்டம் கேட்காமல் வேறொன்றைக் கேட்பதால், இரக்கமுள்ள நீதிபதி ‘அறிதல்’ என்ற சொல்லை இழுத்து நீட்ட வேண்டியிருக்கிறது; நீட்ட மறுக்கும் நீதிபதியையும் குறை சொல்ல முடியாது.

இனி என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். தன்னடக்கத்தை, அதாவது தன்னைக் கட்டுப்படுத்தும் ஆற்றலை, இழத்தல் என்ற கருத்து நமது குற்றவியல் சட்டத்துக்குப் புதிதன்று. கொலையை வரையறுக்கும் 101-ஆம் பிரிவின் முதல் விதிவிலக்கைப் படியுங்கள். கடுமையான, திடீரென நேர்ந்த ஆத்திரமூட்டலால் தன்னடக்க ஆற்றலை இழந்து ஒருவர் கொன்றால், அது கொலையாகாமல் கொலைக்குற்றமாகாத மரணம் விளைவித்தலாகக் குறைகிறது. மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கில் 1961-இல் உச்ச நீதிமன்றம் அலசியதும் இதைத்தான். நல்ல மனநலத்தோடு இருக்கிற ஒருவர் கோபத்தில் நிலைதவறினால் சட்டம் அதைக் கணக்கில் எடுக்கிறது. நோயால் நிலைதவறியவருக்கு, அவர் அறிந்து செய்தார் என்ற ஒரே காரணத்தால், அதே சலுகையை மறுக்கிறது. இதற்கு நியாயம் சொல்ல எவராலும் இயலாது என்றே நான் கருதுகிறேன். இந்தியச் சாட்சியச் சட்டத்தை வரைந்த ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபனே, மனநோயால் தம் நடத்தையைக் கட்டுப்படுத்த இயலாமற்போனவரின் செயல் குற்றமாகக் கூடாது என்று 1883-இல் எழுதினார். அவரைக் குற்றவாளிகளிடம் இளகிய மனம் கொண்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மறுப்பவர்கள் அமெரிக்காவைக் காட்டுவார்கள். 1981 மார்ச் 30 அன்று அதிபர் ரீகன் மீது சுட்ட ஹிங்க்லி என்பவர் சித்த சுவாதீனமின்மை காரணமாகக் குற்றவாளியல்லர் என்று 1982-இல் தீர்ப்பானதும், 1984-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் கூட்டாட்சிச் சட்டத்திலிருந்து கட்டுப்பாட்டிழப்பு என்ற கூறை நீக்கி, நிரூபிக்கும் சுமையையும் எதிரியின், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவரின், தலையில் வைத்தது. அடக்க முடியாத உந்துதல், அடக்கப்படாத உந்துதல் ஆகிய இரண்டுக்கும் இடையே தெளிவான எல்லைக் கோடு கிடையாது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமே சொன்னதும் உண்மை. அந்த எச்சரிக்கையை மதிக்கிறேன். ஆகவேதான் கட்டுப்பாட்டிழப்புக்கு முழு விடுதலை கேட்கவில்லை.

22-ஆம் பிரிவில், வெறும் அறிவு என்றிருப்பதை, செயலின் தன்மையையும் தவறையும் உணர்ந்து மதிப்பிடும் திறன் என்று விரிவாக்க வேண்டும். ஸ்காட்லாந்து 2010-இல் இயற்றிய சட்டம் இத்திசையில்தான் சென்றது. கட்டுப்பாட்டிழப்பை 101-ஆம் பிரிவில், ஆத்திரமூட்டலுக்குப் பக்கத்தில், தனி விதிவிலக்காக வைக்க வேண்டும். மனநிலை பாதிப்பால் பொறுப்பு குறைந்தவர் செய்த கொலையைச் சிறிய குற்றமாகக் குறைக்கும் ‘பொறுப்புக் குறைவு’ என்ற கருத்தை இங்கிலாந்து 1957-இலேயே ஏற்றுக்கொண்டது. கொலைக்கு மரணம் அல்லது ஆயுள் என்ற இரண்டே தண்டனைகள் உள்ள நம் சட்டத்தில், நோயின் அளவைப் பார்த்துத் தண்டனையை நிர்ணயிக்க நீதிபதிக்கு இப்போது வழியே இல்லை. கொலைக்குற்றமாகாத மரணத்துக்குத் தண்டனை சொல்லும் 105-ஆம் பிரிவுக்கு வழக்கு இறங்கினால் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரையிலான தண்டனைக்கும் இடம் கிடைக்கும்.

சட்டச் சொற்கள் மாறினாலும் சாட்சியம் இல்லாவிட்டால் பயனில்லை. விதிவிலக்கை நிரூபிக்கும் சுமை எதிரியுடையது. சிறையில் கிடக்கும் நோயாளி, பல மாதங்களுக்கு முன் ஒரு குறிப்பிட்ட மணி நேரத்தில் தம் மனம் எப்படி இருந்தது என்று காட்ட வேண்டும். முந்தைய மனநோய் விவரம் புலனாய்வில் தெரிய வந்தால் எதிரியை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவது நேர்மையான புலனாய்வாளரின் கடமை என்றும், அனுப்பாவிட்டால் அது அரசுத் தரப்பு வழக்கின் கடுமையான குறை என்றும் உச்ச நீதிமன்றம் 2007-இல் சொன்னது. அது தீர்ப்பில் மட்டும் இருந்தால் போதாது. கைதானவுடன் முதல் ரிமாண்டின்போதே நீதித்துறை நடுவர் இதைக் கேட்டுப் பதிய வேண்டும் என்று நடைமுறைச் சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

விடுவிக்கப்பட்டவரின் கதி பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த விதிவிலக்கின்படி விடுவிக்கப்படுபவர் வீட்டுக்குப் போய்விடுவதில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 374-ஆம் பிரிவின்படி அவர் காவலில் வைக்கப்படுகிறார். அல்லது பிணையம் எழுதித்தரும் உறவினரிடமோ நண்பரிடமோ ஒப்படைக்கப்படுகிறார். கொலை நடந்த குடும்பத்தில் பிணையம் எழுதித்தர யார் முன்வருவார்கள்? காவலில் இருப்பவரால் ஆபத்தில்லை என்று சான்று கிடைத்த பிறகும், வெளியே விடும் முடிவை 377-ஆம் பிரிவு மாநில அரசிடம் விட்டிருக்கிறது. அரசு எத்தனை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்ற கெடு அதில் இல்லை. அந்த அதிகாரம் அமர்வு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, ஆண்டுதோறும் மருத்துவர் அறிக்கையோடு ஒவ்வொருவர் நிலையும் விசாரிக்கப்பட வேண்டும். உறவினர் இல்லாதவர்க்கு அரசே பொறுப்பேற்கும் தங்குமிடமும் அந்த உத்தரவிலேயே குறிப்பிடப்பட வேண்டும்.