மலையைச் சுத்தினா காசு கிடையாது! ஓப்பன்டிடிடி கேம்ல நம்ம செங்கோட்டை - புனலூர் பாதை

(திரையில்: ரெண்டு ஸ்டேஷன், நடுவுல ஒரு மலை, ரெண்டு தண்டவாளம்)

இந்த ரெண்டு ரயிலையும் பாருங்க மக்களே. ரெண்டும் ஒரே ஊர்ல கிளம்புது, ஒரே ஊர்ல போய் நிக்குது. சிவப்பு ரயில் குகைக்குள்ள பூந்து நேரா போயிருது. பச்சை ரயில் மலையை வளைச்சு வளைச்சு ரெண்டு மடங்கு தூரம் ஓடுது. எந்த ரயிலுக்கு வருமானம் அதிகம், சொல்லுங்க?

கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு டிக்கெட் எடுத்துப் பழகின நமக்குப் பச்சைன்னுதான் தோணும். ஆனா இந்த கேம்ல அந்தச் சுத்தலுக்கு ஒரு பைசா கிடையாது. லேட்டா வர்றதால பச்சைக்கு வருமானம் குறையத்தான் செய்யும். இந்த ஒரு விதியைப் பிடிச்சுக்கிட்டு நான் நம்ம ஊர் மலையையே கேமுக்குள்ள கொண்டுவந்து வச்சு விளையாடினேன். செங்கோட்டையில இருந்து மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல இருக்கிற புனலூர் போற பாதை ஏன் அப்படி வளையுது, எதுக்கு அங்க குகை, எதுக்கு பின்னாடி இன்னொரு இன்ஜின்னு, சின்ன வயசுல இருந்து பார்த்தும் புரியாதது எல்லாம் ரெண்டே ராத்திரியில புரிஞ்சுபோச்சு.

வணக்கம். புளியரை செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் இருந்து பேசுறேன்.

கேமோட கதையைச் சுருக்கமா சொல்லிடுறேன். 1994-ல கிறிஸ் சாயர் ‘டிரான்ஸ்போர்ட் டைகூன்’ போட்டாரு, நிரல் எழுதினது அசெம்பிளி மொழியில. அடுத்த வருஷம் டீலக்ஸ் வந்துச்சு. 2004-ல லுட்விக் ஸ்ட்ரிகேயஸ் அந்த டீலக்ஸைப் பிரிச்சு மேஞ்சு புதுசா எழுதி ஓப்பன்டிடிடின்னு வெளியிட்டாரு. 2010-ல 1.0 பதிப்பு வந்தப்போ படம், சத்தம் எல்லாத்துக்கும் இலவச மாற்று வந்திருச்சு, பழைய கேம் கையில இருக்கணும்னு அவசியமே இல்லாமப் போச்சு. இன்னைக்கும் முழுக்க இலவசம், பழைய லேப்டாப்லயும் ஓடும். மொழிப் பட்டியல்ல தமிழும் இருக்கு. அந்த மொழிபெயர்ப்பை மெருகேத்த இன்னும் இடம் இருக்கு, முடிஞ்சவங்க போய் கை கொடுங்க. இதை நான் நிஜமாவே கேக்குறேன்.

விளையாடுற விதம் சின்னதுதான். ஆரம்பத்துல கையில இருக்கிற காசு முழுக்கக் கடன். அதுல பஸ், லாரி, ரயில், கப்பல், விமானம்னு வாங்கி, ஆளையும் சரக்கையும் ஏத்தி இறக்கி சம்பாதிச்சு, கடனை அடைச்சு, கம்பெனியை வளர்க்கணும். அவ்வளவுதான்.

இப்ப முதல்ல கேட்ட கேள்விக்கு வருவோம்.

(திரையில்: கட்டம் போட்ட மேப்)

மேப் முழுக்கக் கட்டம் கட்டமா இருக்கு பாருங்க. இந்த ஸ்டேஷனுக்கும் அந்த ஸ்டேஷனுக்கும் ஒரு பக்கமா எண்ணினா 40 கட்டம், இன்னொரு பக்கமா எண்ணினா 25 கட்டம். ரெண்டையும் கூட்டினா 65. கேம் பணம் கொடுக்கிறது இந்த 65-க்குத்தான். நீங்க 65 கட்டத்துக்குத் தண்டவாளம் போட்டாலும் சரி, 150 கட்டத்துக்குப் போட்டாலும் சரி, தூரக் கணக்கு மாறாது. அதோட, எத்தனை நாள்ல கொண்டுவந்து சேர்த்தீங்கன்னு பார்த்து காசைக் குறைக்கும். பழம் ஏத்தினா வண்டி கிளம்பினதுமே விலை இறங்க ஆரம்பிச்சிரும். தண்ணிக்கு அந்த அவசரம் கிடையாது. பாவூர்சத்திரம் மார்க்கெட்ல இருந்து காய்கறி ஏத்திட்டு கேரளா போற லாரி டிரைவர்கிட்ட கேளுங்க, இந்த விதியை அவர் இன்னும் நல்லா சொல்லுவாரு.

ஆக, வளைஞ்சா காசு இல்லை, நேரமும் போகும். அப்புறம் எதுக்கு வளையணும்? நேரா ஏறிப் போகலாமே?

நானும் நேராத்தான் ஏத்தினேன்.

நம்ம மலை கேமுக்குள்ள எப்படி வந்துச்சுன்னு கேப்பீங்க. ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போதும். கறுப்பா இருக்கிற இடம் பள்ளம், வெளுக்க வெளுக்க உயரம். அந்த மாதிரி உயரப் படத்தைக் கொடுத்தா கேம் அதைப் படிச்சு மலையா எழுப்பிக் கொடுக்கும். நான் கிழக்கே தென்காசியில இருந்து மேற்கே புனலூர் வரைக்கும் வெட்டி எடுத்தேன். மேப்பை நாமளே அமைக்கிற சீனாரியோ எடிட்டர்ல ஊர்களை நானே வச்சுப் பேரும் போட்டேன். செங்கோட்டை, பகவதிபுரம், ஆரியங்காவு, இடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை, ஒற்றக்கல், இடமண், புனலூர். திரையில அந்தப் பேரெல்லாம் வரிசையா வந்தப்போ எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு. தாத்தா கொல்லம் மெயில்ல போன கதையைச் சொல்றப்போ இதே வரிசையிலதான் சொல்லுவாரு.

சரி, ஏத்தம்.

(திரையில்: பத்து பெட்டி ரயில், மெதுவா நகருது)

இதுதான் இந்த கேம்லயே எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், கொஞ்சம் நிதானமாப் பாருங்க. ரயில் ஏறுறப்போ, மொத்த ரயிலும் ஏறுதுன்னு கேம் நினைக்காது. எந்தெந்தப் பெட்டி இப்போ சரிவு மேல நிக்குதுன்னு ஒவ்வொண்ணாப் பார்க்கும். அந்தப் பெட்டிகளோட எடை மட்டும்தான் பின்னாடி இழுக்கும். சரிவு எவ்வளவு கடுமைங்கிறது செட்டிங்ஸ்ல இருக்கு. ரயிலுக்கு 3 சதவீதம்னு வச்சிருப்பாங்க, வேணும்னா மாத்திக்கலாம்.

மேப்ல ஒரு கட்டத்துக்குள்ள சாதாரணப் பெட்டி ரெண்டு நிக்கும். அப்போ பத்து பெட்டிக்கு அஞ்சு கட்டம். கட்டத்துக்கு ஒண்ணா அஞ்சு சரிவைத் தொடர்ச்சியா அடுக்கி வச்சா, பத்துப் பெட்டியும் ஒரே நேரத்துல சரிவு மேல தொங்கும். இன்ஜின் திணறும், வேகம் சரசரன்னு இறங்கும். பின்னாடி வர்ற ரயிலெல்லாம் சிக்னல்ல வரிசையா நிக்கும். என்னோட முதல் பாதையில இதுதான் நடந்துச்சு.

இப்ப அதே அஞ்சு சரிவை எடுத்து, ஒரு சரிவுக்கும் அடுத்த சரிவுக்கும் நடுவுல அஞ்சு கட்டம் சமதளம் விடுறேன். ஏறுற உயரம் அதேதான், இன்ஜினும் அதேதான். ஆனா எந்த நேரம் பார்த்தாலும் சரிவு மேல இருக்கிறது ரெண்டே பெட்டி! மிச்ச எட்டும் சமதளத்துல. இழுவை அஞ்சுல ஒரு பங்காயிருச்சு. பாருங்க, பாருங்க... வேகம் லேசா குறையுது, அடுத்த சமதளத்துல திரும்பப் பிடிச்சிருது. இதை முதல் தடவை பார்த்தப்போ நான் எந்திரிச்சே நின்னுட்டேன்.

ஆனா அதுக்கு இடம் வேணுமே. அஞ்சு சரிவுக்கு அஞ்சு கட்டம் போதும்னு இருந்தது, இப்ப இருபத்தஞ்சு கட்டம் கேக்குது. மலை அவ்வளவு தூரம் நேரா இடம் கொடுக்காது. அப்போ என்ன பண்ணணும்? வளையணும். மலையோட இடுப்பைச் சுத்திப் போகணும். காசு கிடைக்காதுன்னு தெரிஞ்சே சுத்தணும், ஏன்னா சுத்தாத ரயில் மேல போய்ச் சேராது.

இதைப் புரிஞ்சுக்கிட்டு நிஜப் பாதையை நினைச்சுப் பாருங்க. 1904-ல இந்த வழியில மீட்டர்கேஜ் பயணிகள் ரயில் விட்டாங்க. நிஜ மலையில படிப்படியா ஏத்தி நடுவுல சமதளம் விடுறதெல்லாம் நடக்காது, ஒரே சீராத்தான் ஏத்தணும். அதனால நீளத்தைக் கூட்டினாங்க. தென்மலையில இருந்து கழுதுருட்டி, இடப்பாளையம்னு பாதை மலையை ஒட்டி ஒட்டி ஏறுது. பள்ளம் குறுக்கிட்ட இடத்துல கல்லால பாலம். பதிமூணு கண் பாலம்னு நம்ம சொல்றோம், அந்தப் பக்கம் பதிமூணு கண்ணறன்னு சொல்லுவாங்க. ரோட்டுல போறப்போ கழுதுருட்டிகிட்ட பக்கத்துலயே தெரியும். அதுக்கப்புறமும் பாரம் இழுக்கப் பத்தாம, பின்னாடி ஒரு பேங்கர் இன்ஜின். முன்னாடி ஒண்ணு இழுக்க, பின்னாடி ஒண்ணு தள்ள. மீட்டர்கேஜ் 2010-ல நின்னு, 2018-ல பிராட்கேஜ் வந்த பிறகும் அதேதான், பின்னாடி இன்ஜின் போட்டுத்தான் ஏறுச்சு.

சின்னப் பையனா பிளாட்பாரத்துல நின்னு, பின்னாடி எதுக்கு இன்ஜின்னு அப்பாகிட்ட கேட்டிருக்கேன். ‘மலை ஏறணும்லா’ன்னாரு. சரியான பதில்தான். ஆனா எவ்வளவு பாரம், எவ்வளவு சரிவு, ரெண்டாவது இன்ஜின் இல்லைன்னா வேகம் எங்க போய் நிக்கும்னு கண்ணால பார்த்தது கேம்லதான்.

குகைக்கு வருவோம். கேம்ல குகை நேராத்தான் போகும், இந்த வாயும் அந்த வாயும் ஒரே உயரத்துல இருக்கணும். செலவு எப்படின்னா, நீளம் ஒவ்வொரு கட்டம் கூடக் கூட, அதுவரைக்கும் ஆன மொத்தச் செலவு மேலயும் ஒரு பங்கு ஏறும். வட்டிக்கு வட்டி கணக்கு. நாலு கட்டக் குகை கைக்கு அடங்கும், இருபது கட்டக் குகை கம்பெனியையே கவுத்திரும். அதனால கீழேயே குடையாம, முடிஞ்ச வரைக்கும் வளைஞ்சு மேல ஏறி, உச்சிகிட்ட மலை ஒல்லியா இருக்கிற இடத்துல குடையணும். பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவுல நிஜமாவே குகை எங்க இருக்குன்னு மேப்ல பாருங்க. நானும் கிட்டத்தட்ட அங்கயேதான் கொண்டுபோய் வச்சிருக்கேன், எதையும் பார்த்து வைக்கல. மலை வேற இடம் கொடுக்கல!

வடக்கே பாலக்காட்டுக் கணவாயை ஒப்பிட்டா இன்னும் தெளிவாகும். மலைத்தொடர்ல 30 கிலோமீட்டருக்கு மேல அகலமான திறப்பு. அதுவழியா 1862-லயே கோயம்புத்தூர்ப் பக்கம் போத்தனூருக்கும் மேற்குக் கடற்கரைக்கும் ரயில் இணைப்பு வந்திருச்சு. நமக்கு வர இன்னும் நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தக் கணவாயில இருக்கிற வாளையார் மேப்பையும் போட்டு விளையாடினேன், பதினஞ்சு நிமிஷத்துல பாதை முடிஞ்சது. சரக்கு நல்லா போகுது, காசு கொட்டுது, எனக்கு அதுல மனசே ஒட்டல.

இன்னும் ரெண்டு விஷயம். பாதை போட மரத்தை வெட்டினா பக்கத்து டவுன் நிர்வாகம் கோபப்படும். ரொம்ப வெட்டினா ஸ்டேஷன் கட்டவே அனுமதி கிடைக்காது. திரும்ப மரம் நட்டா கொஞ்சம் கொஞ்சமா மனசு மாறும். தென்மலைக் காட்டுல பாதை போட்டப்போ நான் வெட்டினதைவிட நட்டதுதான் அதிகம். இன்னொண்ணு, வெப்ப மண்டல மேப்பை எடுத்துக்கோங்க. அதுல ரப்பர் தோட்டம் வரும், ரப்பரை ஃபேக்டரிக்குக் கொண்டுபோகணும். புனலூர்ப் பக்கம் மேப் போட்டுட்டு ரப்பர் இல்லாம எப்படி?

இந்த மேப்போட சேவ் ஃபைல் கீழ டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு. ஊர் எல்லாம் வச்சாச்சு, தண்டவாளம் ஒண்ணு கூட போடல. பத்துப் பெட்டி ரயில், பின்னாடி ஒரு இன்ஜின், குகை ஒண்ணுக்கு மேல கூடாது. செங்கோட்டையில ஏத்தினதை புனலூர்ல இறக்க எத்தனை நாள் ஆச்சுன்னு கமெண்ட்ல போடுங்க. எனக்கு 31 நாள். கழுதுருட்டி வளைவுல இன்னும் ரெண்டு நாள் குறைக்கலாம்னு தோணுது, இன்னைக்கு ராத்திரி அதைத்தான் பிரிச்சுப் போடப் போறேன்.