துண்டு போட்டுப் பிடித்த இடம்

நேயர்களுக்கு வணக்கம். கோலாலம்பூரின் செந்தூலில் 30 ஆண்டுகளுக்கும் மேலாகக் கோயில் திருவிழாக்களுக்கும் திருமண மண்டபங்களுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவன் நான். மைக்கே வைக்காத ஓர் அரங்கைப் பற்றிப் பேச என்னை அழைத்திருப்பது எனக்கே வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

லண்டனிலுள்ள மகளைப் பார்க்கக் கோலாலம்பூரிலிருந்து புறப்பட்ட என்னை, வழியில் மாறவேண்டிய விமானம் கைவிட்டதால், வியன்னாவில் ஓர் இரவு தங்கும்படி ஆயிற்று. மாலையில் ரிங் சாலையோரம் நடந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பெரிய கல் கட்டடம் ஒன்றின் பக்கவாசலில் சிலர் வரிசையாக நிற்பதைக் கண்டு, நனையாமலிருந்தால் போதும் என்று நானும் போய் நின்றேன். அது வியன்னா அரசு ஓபரா அரங்கில், அதாவது மேற்கத்திய இசைநாடக அரங்கில், நின்று பார்ப்போருக்கான வரிசை என்பது சீட்டு கொடுக்கும் இடத்துக்கு வந்த பிறகுதான் புரிந்தது. அந்த ஊரில் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு ஆவதைவிடக் குறைந்த விலைக்குச் சீட்டு கிடைத்தது, வாங்கிவிட்டேன்.

உள்ளே பக்கத்தில் நின்ற முதியவர், முன்னாலிருந்த கம்பியில் கழுத்துத் துணியைக் கட்டிவிட்டால் இடம் உங்களுடையது, தைரியமாக வெளியே போய் வரலாம் என்றார். அங்கே அதுதான் நெடுநாளைய வழக்கமாம். என்னிடம் இருந்தது, தலை துவட்டிக்கொள்ள மனைவி பையில் வைத்தனுப்பிய ஈரிழைத் துண்டு. பேருந்தின் சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்த பரம்பரையில் வந்தவனுக்கு இதை இரண்டாம் முறை சொல்லவேண்டியதில்லை.

1869ஆம் ஆண்டு மோட்சார்ட்டின் ‘டான் ஜொவான்னி’யுடன் திறக்கப்பட்ட அந்த அரங்கின் மேடையும் பார்வையாளர் கூடமும் 1945 மார்ச் 12 அன்று குண்டுவீச்சில் எரிந்துபோயின. முகப்பும் பெரிய படிக்கட்டும் தப்பின. எரிந்த பகுதியைக் கட்டியெழுப்பி, 1955இல் பீத்தோவனின் ‘ஃபிடேலியோ’வுடன் மீண்டும் திறந்தார்கள்.

அன்றைய நிகழ்ச்சி புச்சீனியின் ‘டோஸ்கா’. கதை புரிவதில் சிரமமில்லை. கம்பியில் பொருத்தியிருந்த சிறு திரையில் ஆங்கில வரிகள் ஓடின. என் கண்களோ திரையையும் பார்க்கவில்லை, மேடையையும் பார்க்கவில்லை. ஒலிபெருக்கிப் பெட்டிகள் எங்கே என்று தூண் தூணாகத் தேடிக்கொண்டிருந்தன. முதல் அங்கத்தின் முடிவில், தேவாலயத்தில் பாடகர் கூட்டம் ஒருபுறம், ஆர்கன் ஒருபுறம், மேடைக்கு முன்னுள்ள பள்ளத்தில் முழு இசைக்குழு, இத்தனையும் சேர்ந்து முழங்கும்போது, காவல்துறைத் தலைவன் ஸ்கார்ப்பியா தன் வஞ்சகத்தைத் தனக்குத்தானே பாடுகிறான். அந்த ஒற்றைக் குரல், ஏறத்தாழ 1700 இருக்கைகளையும் தாண்டி, பின்னால் நின்ற என் காதுக்கு வந்து சேர்ந்தது. எந்த மைக்கும் இல்லை என்று முதியவர் சொன்னபோது நான் நம்பவில்லை.

ஊர் திரும்பிய பின் தேடிப் படித்தேன். இசைக்குழுவின் வலிமை நொடிக்கு 500 அதிர்வுகள், அதாவது 500 ஹெர்ட்ஸ் அருகே மிகுந்திருந்து, அதற்கு மேல் படிப்படியாகக் குறைகிறது. பயிற்சி பெற்ற பாடகர்கள், குறிப்பாக ஆண்கள், தொண்டையின் அமைப்பை மாற்றிக் குரலின் ஆற்றலை 3000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் திரட்டுகிறார்கள். இசைக்குழு விட்டுவைத்த இடைவெளியில் குரல் புகுந்து வருகிறது; நம் செவியும் அந்த இடத்தில்தான் மிகக் கூர்மையாக இருக்கிறது. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெர்க் இதை விளக்கியிருக்கிறார். தவிலுக்கு நடுவே பாட்டு எடுபடவில்லை என்று யாராவது குறைபட்டால், ஒலியைப் பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் அந்தப் பகுதியின் பொத்தானைத்தான் நான் மேலே தள்ளுவேன். நான் விரலால் செய்ததை அந்தப் பாடகர் தொண்டையால் செய்துகொண்டிருந்தார்.

முடிந்து வெளியேறியபோது துண்டை மறந்துவிட்டேன். பாதிப் படிக்கட்டில் நினைவு வந்து திரும்பினால், அது நான்காக மடித்துக் கம்பியின்மேல் வைக்கப்பட்டிருந்தது.

அடுத்த மாதம் எங்கள் வட்டாரக் கோயிலில் ஓதுவார் தேவாரம் பாட அமர்ந்தார். இன்றைக்கு மைக் இல்லாமல் ஒரு பதிகம் பாடட்டுமே என்று நிர்வாகத்தினரிடம் கேட்டுப் பார்த்தேன். “அப்புறம் உங்களுக்கு எதற்கு வாடகை?” என்றார் பொருளாளர். பேசாமல் போய் ஒலியைக் கூட்டினேன்.