ஐந்து ஆண்டில் இரண்டு பட்டம்: அரசியல் அறிவியலோடு பொதுக்கொள்கையும்

நேயர்களுக்கு வணக்கம். அரசியல் அறிவியல் படிக்கிற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இளங்கலை படிக்கும்போதே பொதுக்கொள்கை முதுகலையையும் சேர்த்து முடித்துவிடலாமாமே, ஒரு வருடம் மிச்சமாகுமாமே, சேர்த்துவிடலாமா?" தாராளமாகச் சேரலாம். ஆனால் அந்த ஒரு வருட மிச்சத்தை நம்பிச் சேர வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதை நான்கு கூட்டல் ஒன்று என்பார்கள். அங்கே இளங்கலைக்கு நான்கு ஆண்டு, ஏறக்குறைய 120 கிரெடிட், அதாவது பாடங்களின் அளவைக் கணக்கிடும் புள்ளிகள். பொதுக்கொள்கை முதுகலையைத் தனியாகப் படித்தால் வழக்கமாக இரண்டு ஆண்டு. சேர்த்துப் படிக்கிறவர் மூன்றாம் ஆண்டிலேயே விண்ணப்பித்து இடம் வாங்கிக்கொண்டு, நான்காம் ஆண்டில் சில முதுகலைப் பாடங்களை எடுப்பார். அந்தக் கிரெடிட்டில் ஒரு பகுதி இரண்டு பட்டத்துக்கும் கணக்காகும். ஆறு ஆண்டுப் படிப்பு ஐந்தாகச் சுருங்குவது இப்படித்தான். எத்தனை கிரெடிட் இரட்டைக் கணக்கில் வரும் என்பதற்கு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒரு வரம்பு வைத்திருக்கும். அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் திட்டம் போடக்கூடாது.

ஐரோப்பாவில் கதை வேறு. உயர்கல்வி முறைகளை ஒன்றோடொன்று பொருந்தச் செய்ய ஐரோப்பிய நாடுகள் 1999இல் வெளியிட்ட போலோக்னா பிரகடனத்துக்குப் பிறகு பல நாடுகளில் மூன்று ஆண்டு இளங்கலை, இரண்டு ஆண்டு முதுகலை என்றாகிவிட்டது. ஆகவே அங்கே யாரும் அவசரப்படாமலே ஐந்து ஆண்டில் இரண்டு பட்டமும் கைக்கு வந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டின் பிளாவட்னிக் பள்ளியில் பொதுக்கொள்கை முதுகலையே ஒரே ஆண்டுதான். சிங்கப்பூரின் லீ குவான் யூ பள்ளியிலும் பெர்லினின் ஹெர்ட்டி பள்ளியிலும் இரண்டு ஆண்டு. மிச்சமாகும் வருடம் என்பது எந்த ஊர்க் கணக்கில் என்று முதலில் பார்க்க வேண்டும்.

சரி, இந்த இரண்டு படிப்பையும் ஏன் சேர்க்க வேண்டும்? அரசியல் அறிவியல் மாணவருக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கும். எந்தச் சட்டத்தைக் காட்டினாலும், இது ஏன் இப்போது வந்தது, யாருக்கு லாபம், யார் தடுத்திருப்பார்கள் என்று கேட்பார். நல்ல கேள்விகள். ஆனால் ஒரு துறைச் செயலாளரின் மேசையில் இருக்கும் கேள்வி வேறு. கையில் இவ்வளவு பணம் இருக்கிறது, மூன்று வழிகள் இருக்கின்றன, அடுத்த வாரத்துக்குள் ஒன்றைச் சொல்ல வேண்டும். பொதுக்கொள்கைப் படிப்பு பழக்குவது இந்த இரண்டாவது கேள்வியை. அதற்காக நுண்பொருளியல், புள்ளியியல், செலவு-பயன் கணக்கு, திட்ட மதிப்பீடு என்று கருவிகளைக் கையில் கொடுக்கிறது.

இரண்டும் ஆதியில் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தாம். அரசியல் என்றால் யாருக்கு எது, எப்போது, எப்படிக் கிடைக்கிறது என்பதுதான் என்று 1936இல் எழுதிய அமெரிக்க அரசியல் அறிவியலாளர் ஹரால்ட் லாஸ்வெல்லே, 1951இல் கொள்கை அறிவியல் என்ற துறைக்கு வரைபடம் போட்ட தொகுப்பின் பதிப்பாசிரியர்களில் ஒருவர். 1969இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பொதுக்கொள்கைக்கென்று தனிப் பள்ளி திறந்தபோது அதன் முதல் தலைவராக வந்த ஆரன் வில்டாவ்ஸ்கியும் ஓர் அரசியல் அறிவியலாளரே.

அந்த வில்டாவ்ஸ்கி, ஜெஃப்ரி பிரெஸ்மனோடு சேர்ந்து 1973இல் வெளியிட்ட ஓர் ஆய்வை நான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் எடுக்கிறேன். கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் வேலையில்லாத் திண்டாட்டம். 1966இல் மத்திய அரசின் பொருளாதார வளர்ச்சி முகமை அங்கே 2 கோடியே 30 லட்சம் டாலர் போட முன்வந்தது. துறைமுகத்தில் கட்டுமானம், விமானப் பராமரிப்புக் கூடம், அவற்றால் சுமார் 3,000 பேருக்கு வேலை என்பது திட்டம். பணம் ஒதுக்கியாயிற்று. பெரிய எதிர்ப்பும் இல்லை. ஆனால் மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால் செலவானது சுமார் 30 லட்சம் டாலர்தான். வேலை கிடைத்தவர்கள் மிகச் சிலர்.

யாரும் சதி செய்யவில்லை. பிரெஸ்மனும் வில்டாவ்ஸ்கியும் உட்கார்ந்து எண்ணினார்கள்: இந்தத் திட்டம் நடக்க எத்தனை இடத்தில் யார் யார் 'சரி' என்று சொல்ல வேண்டும்? எழுபது ஒப்புதல் தேவைப்பட்டது. இப்போது ஒரு கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஒப்புதலும் கிடைக்க 99 விழுக்காடு வாய்ப்பு என்றே வைத்துக்கொள்வோம், அதாவது எல்லோரும் ஏறக்குறைய நல்லவர்கள். எழுபதும் வரிசையாகக் கிடைப்பதற்கான வாய்ப்பு? பாதிக்கும் சற்றுக் குறைவு. ஒவ்வொன்றுக்கும் 90 விழுக்காடு என்று வைத்தால் ஆயிரத்தில் ஒன்று கூடத் தேறாது. இந்தப் பெருக்கலைச் செய்யப் புள்ளியியல் வேண்டும். ஆனால் அந்த எழுபது இடங்கள் எவை, எந்த மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு என்ன பயம் என்று கண்டுபிடிக்க அரசியல் அறிவியல் வேண்டும். ஒன்று மட்டும் கற்றவருக்கு இந்த ஆய்வின் பாதிதான் பிடிபடும்.

எண்களுக்குள்ளேயே அரசியல் ஒளிந்திருக்கும் இடமும் உண்டு. ஒரு வெள்ளத்தடுப்புச் சுவர் கட்டுகிறோம், ஐம்பது ஆண்டு கழித்து அது 100 கோடி நட்டத்தைத் தடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பயனுக்கு இன்றைய மதிப்பு என்ன? இன்று போடும் பணம் ஆண்டுக்கு 3 விழுக்காடு வளரும் என்று வைத்து, அந்த விகிதத்தில் எதிர்காலப் பயனை இன்றைய மதிப்புக்குக் குறைத்தால் ஏறக்குறைய 23 கோடி. 7 விழுக்காடு என்றால் மூன்றரைக் கோடிகூட இல்லை. அதே சுவர், அதே வெள்ளம். ஒரு கணக்கில் கட்டலாம், மறு கணக்கில் கட்டக்கூடாது. அமெரிக்க அரசின் 2003ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இந்த இரண்டு விகிதத்தையும் போட்டுப் பார்க்கச் சொன்னது. அதே 2003இல் பிரிட்டன் கருவூலம் 3.5 விழுக்காட்டை எடுத்துக்கொண்டது. பொருளியல் வகுப்பு இந்தக் கணக்கைப் போடச் சொல்லித்தரும். அந்த விகிதத்தை யார் தீர்மானிக்கிறார்கள், இன்னும் பிறக்காதவர்களுக்கு ஓட்டு இல்லாதது அதில் எப்படி வந்து விழுகிறது என்று கேட்க, அரசியல் கோட்பாடு படித்த ஒருவர் அந்த அறையில் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெக்சிகோவில் 1997இல் ஏழைக் குடும்பங்களுக்கு உதவித்தொகை தரும் புரோகிரேசா திட்டம் தொடங்கியது. பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும், குடும்பத்தார் மருத்துவப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்பது நிபந்தனை. மதிப்பீட்டுக்காக 506 கிராமங்களை எடுத்து, குலுக்கல் முறையில் 320 கிராமங்களுக்கு முதலிலும் 186 கிராமங்களுக்குப் பிறகும் கொடுத்தார்கள். பலன் இருந்தது அந்த ஒப்பீட்டில் தெரிந்தது. திட்டத்தை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் சாந்தியாகோ லெவி. ஆட்சி மாறினால் முந்தைய அரசின் திட்டம் குப்பைக்குப் போகும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். 2000இல் 71 ஆண்டுக்குப் பிறகு அதிபர் பதவி வேறு கட்சிக்குப் போனது. திட்டம் நின்று பிடித்தது. 2002இல் பெயர் மட்டும் மாறியது. நல்ல புள்ளிவிவரம் அரசியல் கவசமாகவும் வேலை செய்யும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இப்போது மாணவர்களிடம் நேரடியாகப் பேசுகிறேன். இந்த வழியில் போக நினைத்தால் புள்ளியியலையும் நுண்பொருளியலையும் இரண்டாம் ஆண்டுக்குள் எடுத்துவிடுங்கள். முடிந்தால் கொஞ்சம் கால்குலஸும். அரசியல் அறிவியலுக்கு வந்தவர்களில் பலர் கணக்குக்குப் பயந்து வந்தவர்கள், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. தனியாக முதுகலை படிக்கிறவருக்கு முதல் ஆண்டு முழுவதும் அதற்கு அவகாசம் இருக்கும். சேர்த்துப் படிக்கிறவருக்கு அந்த அவகாசம்தான் வெட்டுப்படுகிறது. நான்காம் ஆண்டில் முதுகலை வகுப்பில் உட்கார்ந்துகொண்டு, ரிக்ரஷன் (ஒன்று மாறும்போது மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்று அளக்கும் புள்ளியியல் முறை) என்றால் என்ன என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

எழுத்தும் மாற வேண்டும். கொள்கை மெமோ என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்வேன். அரசியல் அறிவியலில் நல்ல மதிப்பெண் வாங்கும் மாணவர்தான் முதல் ஒன்றரைப் பக்கத்துக்குப் பின்னணி எழுதுவார். கோட்பாடு வரும், முன்னாய்வுகள் வரும், மறுதரப்பு வாதமும் நேர்மையாக வரும். பரிந்துரை கடைசிப் பத்தியில், அதுவும் "மேலும் ஆராயப்பட வேண்டும்" என்று முடியும். அந்த ஒன்றரைப் பக்கத்தின் குறுக்கே கோடு போட்டு, கடைசிப் பத்தியை மேலே கொண்டுபோகச் சொல்லி அம்புக்குறி போட்டுக் கொடுப்பேன். மந்திரி முதல் நான்கு வரியோடு நிறுத்திவிட்டாலும் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதற்காக ஆய்வுக் கட்டுரை எழுதும் கையை இழந்துவிடவும் கூடாது. நான்காம் ஆண்டில் முதுகலைப் பாடச் சுமை ஏறும்போது பலரும் முதலில் கைவிடுவது இளங்கலை ஆய்வேட்டைத்தான். என்னைக் கேட்டால் அதை விடாதீர்கள். ஒரே கேள்வியோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டும் வாய்ப்பு, மெமோ மெமோவாக எழுதும் முதுகலையில் கிடைப்பது அரிது.

அடுத்தது, யாரும் விளம்பரத்தில் போடாத விஷயம். இரண்டு ஆண்டு முதுகலையில் நடுவில் ஒரு கோடை விடுமுறை வரும். இன்டர்ன்ஷிப் நடப்பது அப்போதுதான். பலருக்கு வேலையே அந்த வழியாகத்தான் கிடைக்கிறது. ஒரே ஆண்டாகச் சுருக்கும்போது அந்தக் கோடை காணாமல் போகிறது. ஆகவே மூன்றாம் ஆண்டு முடிவிலும் நான்காம் ஆண்டு முடிவிலும் வரும் விடுமுறைகளை இப்போதே குறித்து வையுங்கள். வகுப்பிலும் ஒரு வித்தியாசம் தெரியும். மற்றவர்கள் சுகாதாரத் துறையிலோ தொண்டு நிறுவனத்திலோ நான்கைந்து ஆண்டு வேலை பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். கோப்பு ஏன் நகரவில்லை என்று அவர்கள் சொல்லும்போது இருபத்திரண்டு வயதுக்காரர் குறிப்பு எடுத்துக்கொண்டிருப்பார். குறைவில்லை, ஆனால் கொடுப்பதற்கும் கையில் ஏதாவது இருந்தால் நன்றாக இருக்கும். ஒரு நகராட்சி அலுவலகத்தில் பகுதிநேர வேலை பார்த்திருந்தால்கூடப் போதும்.

பட்டம் வாங்கினால் வேலை தானாக வரும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களை மத்திய அரசுப் பணிக்குள் கொண்டுவரவென்றே 1977இல் அதிபர் பெயரிலேயே தொடங்கிய ஒரு திட்டம் இருந்தது. பொதுக்கொள்கைப் பள்ளிகள் அதைப் பெருமையாகச் சொல்லும். 2025 பிப்ரவரியில் ஒரே ஆணையில் அது முடிந்தது. பேராசிரியராக வேண்டும் என்பவருக்கு இந்த முதுகலையே அவசியமில்லை. அமெரிக்காவில் முனைவர் படிப்புக்கு இளங்கலையிலிருந்து நேராகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

கடைசியாகப் பணம். இளங்கலை மாணவர் என்ற தகுதியில் வரும் உதவித்தொகை, முதுகலை மாணவராக மாறியதும் நின்றுபோகலாம். அமெரிக்காவின் பெல் மானியம் அப்படிப்பட்டது. சில இடங்களில் நான்காம் ஆண்டு முடிந்ததும் இளங்கலைப் பட்டத்தைக் கொடுத்துவிடுவார்கள். வேறு சில இடங்களில் இரண்டையும் ஐந்தாம் ஆண்டு முடிவில்தான் தருவார்கள். இரண்டாவது வகையில் நடுவில் நிறுத்த நேர்ந்தால் என்ன ஆகும் என்று சேரும் முன்பே கேளுங்கள். முதுகலைப் பாடங்களை இளங்கலைக்கு மாற்றிக்கொண்டு வெளியேற வழி இருக்கிறதா, எந்த செமஸ்டரிலிருந்து முதுகலைக் கட்டணம் தொடங்கும், அன்றைக்கு உதவித்தொகை என்ன ஆகும்? இந்த மூன்றுக்கும் நிதி உதவி அலுவலகத்திடமிருந்து மின்னஞ்சலில் பதில் வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். நன்றி.