அம்மோனைட்டை அடையாளம் காண்பது: வரிகளைக் கடைசியில் பாருங்கள்

[திரை: உள்ளங்கை அளவு அம்மோனைட் ஒன்று மெதுவாகச் சுழல்கிறது]

அம்மோனைட் என்பது கணவாய்க்கு உறவான, ஓட்டுக்குள் வாழ்ந்து அழிந்துபோன கடலுயிர். அதன் புதைபடிவமான இந்தக் கல்லைப் பார்த்ததும் கண் நேராக எங்கே போகிறது? மேலே புடைத்து ஓடும் வரிகளுக்குத்தான். அதே மாதிரி வரி இருக்கும் ஒரு படத்தைத் தேடிப் பிடித்து, பெயரும் வைத்துவிடத் தோன்றும். ஆனால் 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த கிரெட்டேசியஸ் காலத்தில், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத கிளைகளில்கூட ஒரே மாதிரி வரிகள் வந்திருக்கின்றன. அதனால் வரிகளைக் கடைசிக்கு ஒதுக்கி வைப்போம்.

முதல் கேள்வி, இது அம்மோனைட்தானா? இன்றும் கடலில் வாழும் நாட்டிலஸ் இனத்து ஓடும் இப்படித்தான் சுருண்டிருக்கும். இரண்டிலும் அறை அறையாகத் தடுப்புச் சுவர்கள் உண்டு. அவற்றைத் துளைத்துக்கொண்டு ஒரு மெல்லிய குழாய் போகும். அம்மோனைட்டில் அந்தக் குழாய் சுருளின் வெளிவிளிம்பை ஒட்டிப் போகும். நாட்டிலஸில் விளிம்பை விட்டு உள்ளே தள்ளிப் போகும். உடைந்த துண்டுதான் கிடைத்ததா? நல்லது, அதில்தான் இது பளிச்சென்று தெரியும்.

[திரை: நெருக்கக் காட்சி, கல்லின் மேல் நெளிநெளியான கோடுகள்]

அடுத்தது தையல்கோடு. தடுப்புச் சுவரின் ஓரம் ஓட்டின் உட்புறத்தில் ஒட்டியிருந்த இடம் அது. ஓடு இருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. ஓடு கரைந்தோ உரிந்தோ போய், உள்ளே நிரம்பி இறுகிய சேறு மட்டும் கல்லாக நிற்கும்போதுதான் வெளியே வரும். முத்து மாதிரி மின்னும் ஓடு பார்க்க அழகு, ஆனால் அடையாளம் காண்பவருக்கு இடைஞ்சல்.

கோட்டில் வாய்ப்பக்கம் எழும்பும் வளைவு சேணம், பின்னால் இறங்குவது மடல். பில்லோசெரஸ் வகைகளில் சேணத்தின் நுனிகள் சின்னச் சின்ன இலைகளாக உருண்டிருக்கும். கடைசிச் சுற்று உள்சுற்றுகளைக் கிட்டத்தட்ட மூடிவிடும். லைட்டோசெரஸில் இதற்கு நேர்மாறு: சுற்றுகள் ஒன்றையொன்று லேசாகத் தொட்டபடி, நடுத்தொப்புள், அதாவது சுருளின் நடுக்குழி, அகலமாக விரிந்திருக்கும்.

சரி, தையல்கோட்டை மட்டும் நம்பலாமா? அதுவும் முடியாது. கிரெட்டேசியஸின் பிற்பகுதியில் டிஸ்ஸோட்டியா போன்ற சிலவற்றில் கோடு மறுபடி எளிமையாகிவிட்டது. அதற்குப் பத்து கோடி ஆண்டுகளுக்கும் முன்பே அழிந்த, டிரயாசிக் காலத்து உறவினர்களான செராட்டைட்டுகளோடு அதைக் குழப்பிக்கொள்வது சுலபம்.

[திரை: நேரான ஓடு, திருகு ஓடு, முடிச்சு விழுந்த ஓடு]

வடிவமும் ஏமாற்றும். பாக்குலைட்டஸ் நேராக நீண்டிருக்கும். டர்ரிலைட்டஸ் நத்தைபோலத் திருகி ஏறும். 1904இல் ஜப்பானில் யாபே என்ற ஆய்வாளர் விவரித்த நிப்போனைட்டஸைப் பார்த்தால், யாரோ முடிச்சுப் போட்டுவிட்ட மாதிரி இருக்கும். இவை மூன்றும் ஆன்சிலோசெரட்டினா என்ற துணைவரிசையில் வருகின்றன. எனக்கு இதில் மிகவும் பிடித்தது டவ்வில்லிசெரஸ். ஒழுங்காகச் சுருண்ட, முண்டுமுண்டான அம்மோனைட். ஆனாலும் அதே துணைவரிசைதான். காரணம் கருப்பருவ ஓட்டில் இருக்கிறது: இந்தக் குழுவில் முதல் தையல்கோட்டுக்கு நான்கு மடல்கள், மற்ற பெரும்பாலானவற்றில் ஐந்து. நுண்ணோக்கி இல்லாமல் இதைப் பார்க்க முடியாது.

இப்போது வரிகளுக்கு வருவோம். அதற்கு முன் கடைசித் தையல்கோட்டைத் தேடுங்கள். அதற்கு அப்பால் இருப்பது உயிரினம் குடியிருந்த அறை. கடைசி இரண்டு மூன்று கோடுகள் நெருங்கி வந்திருந்தால் அது முழு வளர்ச்சி அடைந்தது என்று கொள்ளலாம். இது ஏன் முக்கியம்? இளம் ஓட்டின் வரியும் முதிர்ந்த ஓட்டின் வரியும் வேறுவேறாக இருக்கும். போதாததற்கு, ஒரே இனத்தில் பெரிய ஓடும் சிறிய ஓடும் உண்டு. பெண், ஆண் என்று கருதுகிறார்கள். முன்பு இவற்றுக்குத் தனித்தனி இனப்பெயர்களே வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், வெளிவிளிம்பைத் திருப்பிப் பாருங்கள். மார்ட்டோனிசெரஸில் நடுவில் ஒரு கூரிய முகடு ஓடும். பிளாசென்டிசெரஸில் ஓடு தட்டையாக, விளிம்பு குறுகியிருக்கும்.

[திரை: பாறை அடுக்குகள்]

கல் எந்த அடுக்கில் கிடைத்தது என்பதை எடுத்த அன்றே எழுதி வையுங்கள். கிரெட்டேசியஸின் ஒரு பகுதியான டூரோனியன் காலத்தின் தொடக்கத்தையே அமெரிக்காவின் கொலராடோவில், வாட்டினோசெரஸ் டெவோனென்ஸ் என்ற அம்மோனைட் முதலில் தென்படும் இடத்தை வைத்துத்தான் குறித்திருக்கிறார்கள். அடுக்கு தெரிந்தால் பாதிப் பெயர்கள் தானாகக் கழிந்துவிடும். தெரியாவிட்டால், லேபிளில் பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.